'எல்லாம் சரி' என்று கிட் சொன்னால் நம்பலாமா?

டெக் திண்ணை

வெள்ளிக்கிழமை மாலை. ஐ.டி வேலையில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஹாலில் டி.வி ஓடிக்கொண்டிருக்கும். உள்ளறையில் மகனோ மகளோ லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். "தோசை ஆறிப்போகுது, வா" என்று அம்மா கூப்பிட்டால், "அஞ்சே நிமிஷம்மா, புஷ் பண்ணிட்டு வந்துடறேன்" என்று பதில் வரும். அந்த ஐந்து நிமிஷம் அரை மணி நேரமாகிவிடும்.

காரணம், கறுப்புத் திரையில் வந்து நிற்கும் ஒரு செய்தி. 'ஃபேட்டல்' என்ற பயமுறுத்தும் சொல்லோடு தொடங்கி, 'இந்தக் கிளைக்கு அப்ஸ்ட்ரீம் கிளை எதுவும் இல்லை' என்று அது சொல்லும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் பலருக்கு இதைப் பார்த்ததும் கை நடுங்கும். சீனியரிடம் கேட்கக் கூச்சம். கேட்காமல் விட்டால் வேலை முடியாது. கடைசியில் அந்தச் செய்தியே கீழே காட்டும் வரியை அப்படியே காப்பி செய்து ஒட்டுவார்கள். புஷ் ஆகிவிடும். தோசை சாப்பிடப் போய்விடுவார்கள். 'அப்ஸ்ட்ரீம்' என்றால் என்ன என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும்.

விஷயம் சின்னதுதான். ஆனால், அது புரியாமல் போனால் பல நாள் உழைப்பு ஒரே இரவில் காணாமல் போகலாம். பக்கத்து சீட்காரரின் வேலையும் சேர்ந்து அழியலாம்.

சண்டையில் பிறந்த கருவி

சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு நாளும் பைல்களைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்ற கணக்கை வைத்திருக்கும் கருவிதான் 'வெர்ஷன் கன்ட்ரோல்'. இன்று உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்படும் அத்தகைய கருவியின் பெயர் 'கிட்'.

இது பிறந்த கதை சுவாரஸ்யமானது. லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலை உருவாக்குகிறவர்கள் 2002 முதல் 'பிட்கீப்பர்' என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள். அது ஒரு தனியார் நிறுவனத்துக்குச் சொந்தமானது. லினக்ஸ்காரர்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. 2005இல் ஒரு தகராறு வெடித்தது. அந்தக் கருவியின் உள்வேலையை ஒருவர் ஆராய்ந்து பார்க்கிறார் என்று நிறுவனம் குற்றம்சாட்டி, இலவச அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உலகம் முழுக்கச் சிதறியிருந்த நிரலாளர்களுக்குக் கணக்கு நோட்டே இல்லாமல் போனது.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அந்த ஏப்ரல் மாதம் 3ஆம் தேதி தானே ஒரு கருவியை எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 7ஆம் தேதி, கிட்டின் சொந்த நிரலையே கிட்டில் சேமிக்கும் அளவுக்கு அது வளர்ந்திருந்தது. ஜூன் மாதம் லினக்ஸ் கெர்னலின் 2.6.12 பதிப்பு கிட்டின் துணையோடு வெளிவந்தது. ஜூலையில் பராமரிப்புப் பொறுப்பை ஜப்பானைச் சேர்ந்த ஜூனியோ ஹமானோவிடம் டோர்வால்ட்ஸ் ஒப்படைத்தார்.

அதற்கு முன் பரவலாக இருந்த சி.வி.எஸ், சப்வெர்ஷன் போன்ற கருவிகளில் முழு வரலாறும் ஒரு மைய சர்வரில் மட்டுமே இருக்கும். கிட்டில் அப்படியல்ல. ஒவ்வொருவரின் கணினியிலும் முழு வரலாறும் நகலாக இருக்கும். இணையம் இல்லாமல் ரயிலில் உட்கார்ந்துகூட வேலை பார்க்கலாம். இதுதான் கிட்டின் பெரிய பலம்.

கூடவே ஒரு சிக்கலும் வந்தது. நகல் நூறு இடத்தில் இருந்தால், எந்த நகல் எதைப் பார்த்து எழுதியது என்பதை யாராவது குறித்துவைக்க வேண்டுமே? அந்தக் குறிப்புக்குப் பெயர்தான் 'டிராக்கிங்'.

பெரியப்பா வீட்டு நோட்டு

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யார் யாருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்ற பட்டியல் பெரியப்பா வீட்டில் ஒரு நோட்டில் இருக்கிறது. அதுதான் மூலம். சித்தப்பா வேறு ஊரில் இருக்கிறார். அவர் வந்து பட்டியலைத் தன் நோட்டில் எழுதிக்கொள்கிறார். கிளம்பும்போது பெரியப்பா நோட்டை செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்கிறார்.

இப்போது மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. பெரியப்பா வீட்டு நோட்டு, சித்தப்பா கையில் இருக்கும் நோட்டு, செல்போனில் இருக்கும் படம்.

கிட்டிலும் இதே மூன்றுதான். சர்வரில் இருக்கும் கிளை, பெரியப்பா நோட்டு. அந்த சர்வருக்கு கிட் வழக்கமாக வைக்கும் பெயர் 'ஆரிஜின்'. உங்கள் லேப்டாப்பில் நீங்கள் வேலை பார்க்கும் 'மெயின்' கிளை, சித்தப்பா கையில் இருக்கும் நோட்டு. 'ஆரிஜின்/மெயின்' என்று சாய்கோடு போட்டுத் தெரிவது, செல்போன் படம். பெயரில் ஆரிஜின் இருப்பதால் அது சர்வரில் இருப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. அதுவும் லேப்டாப்புக்குள்ளேயேதான் இருக்கிறது. கடைசியாகப் பார்த்தபோது சர்வர் எப்படி இருந்தது என்ற நினைவு மட்டுமே அது.

அப்ஸ்ட்ரீம் என்பது, சித்தப்பா தன் நோட்டின் அட்டையில் எழுதிவைக்கும் ஒரு வரி: 'இந்த நோட்டுக்கு மூலம் பெரியப்பா வீட்டில், மணமகன் வீட்டார் பட்டியல்'. அது எழுதியிருந்தால், "போய்ச் சேர்த்துட்டு வா" என்று சொன்னாலே போதும். பையன் நேராகச் சரியான வீட்டுக்குப் போய், சரியான நோட்டைத் திறப்பான். எழுதாவிட்டால், "எங்கே போகணும், எந்த நோட்டு?" என்று வாசலிலேயே நிற்பான். வெள்ளிக்கிழமை மாலை வந்த அந்த 'ஃபேட்டல்' செய்தி கேட்பது இதைத்தான்.

'சரியாக இருக்கிறது' என்ற செய்தியின் அர்த்தம்

கிட்டில் 'ஸ்டேட்டஸ்' கேட்டால், 'உங்கள் கிளை ஆரிஜின்/மெயினுக்குச் சமமாக இருக்கிறது' என்று சில நேரம் பதில் வரும். இதைப் படித்துவிட்டு, சர்வரில் புதிதாக எதுவும் இல்லை என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

சித்தப்பா தன் நோட்டைச் செல்போன் படத்தோடு ஒப்பிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறார். அதற்குள் பெரியம்மா நான்கு பெயர்களைப் புதிதாகச் சேர்த்திருப்பார். படம் எடுத்தது திங்கள்கிழமை, இன்று வெள்ளி. படத்தைப் புதுப்பித்தால்தான் உண்மை தெரியும்.

புதுப்படம் எடுப்பதற்கு கிட்டில் 'ஃபெட்ச்' என்று பெயர். புதுப்படம் எடுத்து, வித்தியாசத்தைக் கையோடு தன் நோட்டிலும் சேர்த்துக்கொள்வது 'புல்'. தன் நோட்டில் இருப்பதைப் பெரியப்பா நோட்டில் சேர்ப்பது 'புஷ்'. ஆகவே, ஸ்டேட்டஸ் பார்ப்பதற்கு முன்னால் ஒரு ஃபெட்ச் செய்வது நல்ல பழக்கம். உங்கள் நோட்டில் ஓர் எழுத்தைக்கூட ஃபெட்ச் மாற்றாது, பயமில்லாமல் செய்யலாம்.

இதைவிட ஆபத்தானது இன்னொன்று உண்டு. அப்ஸ்ட்ரீமே இல்லாத கிளையில் ஸ்டேட்டஸ் கேட்டால், 'முன்னால்' என்றும் சொல்லாது, 'பின்னால்' என்றும் சொல்லாது. ஒப்பிட எதுவும் இல்லையே! 'கமிட் செய்ய ஒன்றும் இல்லை, எல்லாம் சுத்தம்' என்று மட்டும் சொல்லும். அதைப் பார்த்துவிட்டு, வேலை பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதியில் லேப்டாப்பை மூடிவிடுவார்கள்.

கமிட் என்பது லேப்டாப்புக்குள் எழுதிவைப்பது மட்டுமே. சர்வருக்கு அது போகவில்லை. அன்றிரவு லேப்டாப் திருடு போனாலோ, ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டாலோ, பத்து நாள் வேலை போனது போனதுதான். அப்ஸ்ட்ரீம் இருந்திருந்தால், 'ஆரிஜினைவிட 12 கமிட் முன்னால் இருக்கிறீர்கள்' என்று ஸ்டேட்டஸ் சொல்லியிருக்கும். பன்னிரண்டு பெயர்கள் இன்னும் பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்பதற்கான எச்சரிக்கை அது.

எழுதிவைப்பது எப்படி?

இதற்கு ஐந்து வழிகள் உண்டு. கமாண்டுகள் இங்கே தமிழ் எழுத்தில் இருக்கின்றன. கணினியில் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும்.

1. குளோன்: சர்வரிலிருந்து முழு நகலை முதல்முறை எடுக்கும்போது, பிரதான கிளைக்கு டிராக்கிங்கை கிட் தானாகவே எழுதிவிடும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

2. சர்வரில் ஏற்கெனவே இருக்கும் கிளை: டீமில் ஒருவர் 'லாகின்' என்று ஒரு கிளையைத் தொடங்கி சர்வரில் வைத்திருக்கிறார். அதில் நீங்களும் வேலை பார்க்க வேண்டும். ஃபெட்ச் செய்துவிட்டு 'கிட் ஸ்விட்ச் லாகின்' என்றால் போதும். அதே பெயரில் உங்கள் லேப்டாப்பில் ஒரு கிளை உருவாகி, டிராக்கிங்கும் சேர்ந்தே வரும். 'ஸ்விட்ச்' 2019இல் வந்த கமாண்ட். அதற்கு முன் 'செக்அவுட்' இந்த வேலையைச் செய்தது, இன்றும் செய்கிறது.

3. நீங்களே தொடங்கிய புதிய கிளை: வெள்ளிக்கிழமைச் சிக்கல் இதுதான். 'கிட் புஷ் -யு ஆரிஜின் லாகின்' என்று முதல்முறை மட்டும் கொடுக்க வேண்டும். அந்த 'யு', அப்ஸ்ட்ரீமைக் குறிக்கும். புஷ்ஷும் ஆகும், அட்டையில் முகவரியும் எழுதப்படும். அடுத்த முறையிலிருந்து வெறும் 'கிட் புஷ்' போதும்.

4. இருக்கும் கிளைக்கு முகவரியை மாற்ற: 'கிட் பிராஞ்ச் -யு ஆரிஜின்/லாகின்'. எதையும் அனுப்பாமல், குறிப்பை மட்டும் திருத்தும்.

5. ஒருமுறை செட் செய்தால் போதும் என்பவர்களுக்கு: 2022 ஜூனில் வந்த 2.37 பதிப்பில் 'புஷ்.ஆட்டோசெட்அப்ரிமோட்' என்று ஒரு செட்டிங் சேர்ந்தது. அதை 'ட்ரூ' என்று வைத்துவிட்டால், புதுக் கிளையின் முதல் புஷ்ஷிலேயே அதே பெயரில் டிராக்கிங் தானாக வந்துவிடும். 'ஃபேட்டல்' தொல்லை இல்லை.

சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க 'கிட் பிராஞ்ச் -விவி'. ஒவ்வொரு கிளையும் எதைப் பார்த்து எழுதப்பட்டது, எத்தனை கமிட் முன்னால், எத்தனை கமிட் பின்னால் என்று வரிசையாகக் காட்டும். பக்கத்தில் ஒன்றுமே இல்லாத கிளைதான் கவனிக்க வேண்டிய கிளை.

ஒரு பொறி

'ஆரிஜின்/மெயின்' என்ற படத்திலிருந்தே நேரடியாக ஒரு புதிய கிளையை உருவாக்கினால், அந்தப் புதுக் கிளைக்கு மெயினையே அப்ஸ்ட்ரீமாக கிட் எழுதிவிடும். பெயர் 'லாகின்', அட்டையில் இருக்கும் முகவரியோ 'மெயின்'. அரைகுறையாக முடித்த வேலை, எல்லோரும் பயன்படுத்தும் மெயின் கிளைக்குள் போய் விழுந்தால் என்ன ஆகும்?

நல்லவேளையாக, இன்றைய கிட் இங்கே தடுத்துவிடும். கிளையின் பெயரும் அப்ஸ்ட்ரீமின் பெயரும் வேறு வேறாக இருந்தால், வெறும் 'புஷ்' கொடுக்கும்போது மறுத்துவிட்டு, எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்கும். கிளையை உருவாக்கும்போதே 'நோ-டிராக்' என்று சேர்த்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது.

அள்ளிக்கொண்டு போன புஷ்

இந்தப் பாதுகாப்பு ஆரம்பத்தில் இல்லை. கிட்டின் பழைய பதிப்புகளில் வெறும் 'புஷ்' என்றால், நீங்கள் இருக்கும் கிளை மட்டும் போகாது. லேப்டாப்பிலும் சர்வரிலும் ஒரே பெயரில் எத்தனை கிளைகள் இருக்கின்றனவோ, அத்தனையும் போகும். ஒரு நோட்டைக் கொண்டுபோகச் சொன்னால், அலமாரியில் இருக்கும் எல்லா நோட்டையும் தூக்கிக்கொண்டு போவதுபோல.

சாதாரணமாக இதில் பெரிய கேடு இல்லை. உங்கள் நகல் பழையது என்றால் சர்வர் ஏற்காது. ஆனால், 'ஃபோர்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் சர்வர் மறுக்காது. பெரியப்பா நோட்டின் பக்கத்தைக் கிழித்துவிட்டு, தன் பக்கத்தை ஒட்டுவதற்குச் சமம் அது. தன் கிளை ஒன்றை மட்டும் திருத்த நினைத்து ஃபோர்ஸ் கொடுத்தவர், மூன்று மாதமாகத் தொடாத மற்ற கிளைகளின் பழைய நகல்களையும் சர்வரில் ஏற்றிவிட வாய்ப்பிருந்தது.

இதைச் சரிசெய்ய 2012இல் 'சிம்பிள்' என்ற முறை அறிமுகமானது. நிற்கும் கிளை மட்டும் போகும். அதுவும் அப்ஸ்ட்ரீமின் பெயர் பொருந்தினால்தான் போகும். உடனே அதை எல்லோர் மேலும் திணிக்கவில்லை. பழைய வழக்கத்தை நம்பியிருக்கும் ஆயிரக்கணக்கானோரை யோசித்து, பல பதிப்புகளில் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே வந்து, 2014 மே மாதம் வெளியான 2.0 பதிப்பில்தான் அதை இயல்பான முறையாக மாற்றினார்கள்.

முகவரி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவமும் உண்டு. 2013 நவம்பரில், 'ஜென்கின்ஸ்' என்ற திறந்த மூல மென்பொருள் குழுவில் ஒருவரின் கணினியில் ஒரு கருவியின் செட்டிங் தவறாக இருந்தது. அந்தக் கணினியில் இருந்த பழைய நகல்கள், சர்வரில் இருந்த 180க்கும் மேற்பட்ட களஞ்சியங்களின் மேல் ஃபோர்ஸ் முறையில் ஏறிவிட்டன. பலருடைய அண்மைக்கால வேலை ஒரே நாளில் கிளைகளிலிருந்து மறைந்தது. கிட்ஹப் உதவியோடும், உறுப்பினர்கள் தங்கள் கணினிகளில் வைத்திருந்த நகல்களோடும் மீட்டெடுத்தார்கள். நகல் எல்லோரிடமும் இருக்கும் என்ற கிட்டின் குணமே அன்று கைகொடுத்தது.

ஃபோர்ஸ் கட்டாயம் தேவை என்றால், 'ஃபோர்ஸ்-வித்-லீஸ்' என்று கொடுப்பது நல்லது. செல்போனில் இருக்கும் படமும் பெரியப்பா நோட்டும் இப்போதும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அது அனுமதிக்கும். நடுவில் யாராவது எழுதியிருந்தால் நிறுத்திவிடும். ஒரே எச்சரிக்கை: படத்தை ஃபெட்ச்சால் புதுப்பித்துவிட்டு, அதில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்க்காமலேயே இதைக் கொடுத்தால் காவல் பலிக்காது.

பெரியப்பா வீடு மாறினால்?

2020 அக்டோபர் முதல் கிட்ஹப்பில் தொடங்கும் புதிய களஞ்சியங்களின் பிரதான கிளைக்கு 'மாஸ்டர்' என்ற பழைய பெயருக்குப் பதில் 'மெயின்' என்று பெயர் வந்தது. பழைய களஞ்சியங்களிலும் பல குழுக்கள் பெயரை மாற்றின. ஆனால், ஒவ்வொருவரின் லேப்டாப்பிலும் அட்டைக் குறிப்பு பழைய முகவரியிலேயே இருந்தது. அடுத்த நாள் புல் கொடுத்தவர்களுக்கு 'அப்படி ஒரு கிளையே இல்லை' என்ற பதில்தான் கிடைத்தது.

தீர்வு எளிது. உங்கள் கிளையின் பெயரை மாற்றுங்கள்: 'கிட் பிராஞ்ச் -எம் மாஸ்டர் மெயின்'. பிறகு ஒரு ஃபெட்ச். பிறகு முகவரியைத் திருத்துங்கள்: 'கிட் பிராஞ்ச் -யு ஆரிஜின்/மெயின் மெயின்'. அவ்வளவுதான்.

இதேபோல, வேலை முடிந்து சர்வரில் நீக்கப்பட்ட கிளைகளும் உண்டு. 'கிட் ஃபெட்ச் --ப்ரூன்' கொடுத்துவிட்டு 'பிராஞ்ச் -விவி' பார்த்தால், அவற்றின் பக்கத்தில் 'கான்' என்று வரும். அந்த முகவரியில் இப்போது யாரும் இல்லை என்று அர்த்தம். உங்கள் கையில் இருக்கும் நோட்டு அழியவில்லை. அதில் சேராத வேலை ஏதும் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு நீக்குங்கள்.

மூடுவதற்கு முன் ஒரு நிமிஷம்

வெள்ளிக்கிழமை மாலைக்கே திரும்புவோம். அந்த 'ஃபேட்டல்' செய்தி திட்டுவதுபோல் தோன்றினாலும், கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த வேலையை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கணும்?" பதிலை ஒருமுறை எழுதிவைத்துவிட்டால், மறுபடி அந்தக் கிளையில் கேட்காது.

லேப்டாப்பை மூடுவதற்கு முன் ஒரு ஃபெட்ச், ஒரு 'பிராஞ்ச் -விவி'. முகவரி இல்லாத கிளை இருந்தால் எழுதுங்கள். 'முன்னால்' என்று காட்டினால் புஷ் செய்யுங்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதன் பிறகு லேப்டாப்பில் டீயே கொட்டினாலும், போவது மெஷின் மட்டும்தான். வேலை சர்வரில் இருக்கும்.

தோசையும் சூடாகக் கிடைக்கும்.

*அடுத்த வாரம்: இரண்டு பேர் ஒரே வரியைத் திருத்தினால் கிட் யார் பக்கம் நிற்கும்?*